அக்கா கேட்ட துப்பாக்கி

நைனா இறந்த ஐந்தாவது மாதம், சித்தூர் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் வைத்து அக்கா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். வீட்டில் தனக்கிருந்த பங்கை எனக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கட்டைவிரல் மையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"வூடு உனக்கே இருக்கட்டும்டா. நைனா துப்பாக்கிய மட்டும் என் பேர்ல மாத்திக் குடு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அத வெச்சிக்கினு நீ இன்னா பண்ணப்போற? திருப்பதில கொரங்குத் தொல்லையா?"

"மாத்திக் குடுடான்னா."

"சரிக்கா. ஒரே மாசம். முடிச்சித் தரேன்."

அந்த ஒரு மாதம் மூன்றரை வருஷமாகிவிட்டது. நான் லேத் பட்டறைக்காரன். கரும்பாலை உருளைகளுக்கும் மாம்பழக் கூழ் ஃபேக்டரி மெஷின்களுக்கும் உதிரி கடைந்து கொடுப்பது என் தொழில். சாக்குக்கா பஞ்சம்? ஆலை ஓடும் மாதங்களில் உருளை, மாம்பழம் வந்தால் ஃபேக்டரி. நடுவில் மாவட்டத்தையே பிரித்துத் திருப்பதியைத் தனியாக்கிவிட்டார்கள். அக்கா அந்த மாவட்டம், துப்பாக்கி இந்த மாவட்டம், எந்த ஆபீஸுக்குப் போவதென்று தெரியவில்லை என்று அதையும் ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். போனில் எது பேசினாலும் கடைசியில் அக்கா, "அது இன்னா ஆச்சிடா?" என்பாள். "போய்க்கினே கீதுக்கா" என்பேன். எங்கேயும் போகவில்லை. நைனா போனதும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கி, கழுத்தில் அட்டை கட்டி, அங்கேயே ஒரு மூலையில் கிடந்தது.

பிறகு ஸ்டேஷனிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு மாதத்துக்குள் வாரிசு பெயரில் லைசென்ஸ் மாற்றாவிட்டால் துப்பாக்கியை அரசு ஆயுதக் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்களாம். அங்கே போனால் என்ன செய்வார்கள் என்று ஸ்டேஷன் எழுத்தரைக் கேட்டேன். "கட்டர்ல போட்டுத் துண்டாக்கிடுவாங்க, அவ்ளோதான்" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வீட்டுப் பங்கை வாங்கிக்கொண்டு, பதிலுக்குக் கேட்ட ஒரே பொருளையும் துண்டாக்கவிட்டு, அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

அந்தத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நைனாவுக்கு லாரி ஆபீஸ். ஊரில் பெரிய மனிதர்கள் பழகும் இடம் என்று ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தார். ஊரைவிட்டுப் போன ஒரு மெம்பரிடமிருந்து ஒரு பாயிண்ட் டூ டூ துப்பாக்கியை வாங்கினார். அவர் சுட்டால் குறிப்பலகையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் படும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு போன அக்கா, "நானும் ஒண்ணு சுடட்டா நைனா?" என்று கேட்டிருக்கிறாள். அப்போது அவள் காலேஜ் முதல் வருஷம். சாக்குப் பாயில் குப்புறப் படுத்து ஐந்து தடவை சுட்டாள். ஐந்தும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்குகிற மாதிரி விழுந்திருந்தன. அதற்குப் பிறகு லைசென்ஸ் மட்டும்தான் நைனாவுடையது. துப்பாக்கி அவளுடையது. ஆறு வருஷம் சுட்டாள். எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்களைவிடக் கப்புகள் அதிகமாக இருந்தன.

கல்யாணமாகித் திருப்பதிக்குப் போனாள். மாமா பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணத்துக்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல், மாதம் இரண்டு முறையாவது வந்து சுட்டுவிட்டுப் போனவள், திடீரென்று நின்றுவிட்டாள். அந்தத் தீபாவளிக்கு வந்தபோது, "அவரு வேணான்றாரு, நான் வுட்டுட்டேன்" என்றாள். எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்! அப்பேர்ப்பட்ட கையை இந்த வாத்தி கட்டிப்போட்டுவிட்டானே என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு கல்யாணப் பந்தியில் பத்து பேர் நடுவில், "பொண்டாட்டி கப்பு வாங்கினா உனக்குப் பொறுக்கலயா மாமா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டேன். அவர் இலையைப் பார்த்துக்கொண்டு, "ரசம் நல்லா கீது, வாங்கிக்கோ" என்றார். ரோஷம் இல்லாத மனிதர் என்று அதற்கும் திட்டினேன். அதன் பிறகு அவரோடு நான் சரியாகப் பேசியதே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் இறந்தபோது போனேன். சுடுகாட்டில் பின்வரிசையில் நின்றுவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ் பிடித்து வந்தேன். அதையும் அப்போது பெருமையாகத்தான் நினைத்தேன்.

கடிதம் வந்த மறுநாளே கலெக்டர் ஆபீஸுக்கு ஓடினேன். ஆயுத லைசென்ஸ் செக்‌ஷனில் ஓர் அம்மா இருந்தார். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிக்கிறவர். நைனாவின் லைசென்ஸ் புத்தகத்தையும் ஸ்டேஷன் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏமண்டி, புக்குல நம்பர் உந்தி, இருக்கு. கன்னுல நம்பரே லேதுன்னு எழுதியிருக்காங்களே?"

"பழசு மேடம். தேஞ்சி போயிருக்கும்."

"தேயறதுக்கு அது என்ன செருப்பா? நம்பர் அழிச்ச கன்னு வெச்சிருந்தாலே கேசுங்க. புக்குல '22 ரைஃபிள்'னுதான் இருக்கு. எந்தக் கம்பெனி, என்ன மாடல், ஒண்ணும் இல்ல. இதுதான் அந்தக் கன்னுன்னு நான் எத வெச்சி எழுதறது? ஆதாரம் கொண்டாங்க. இல்லேன்னா கிடங்குக்குத்தான் போகும்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனாலும் வெளியே வந்து அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அது என் சுபாவம்.

ஸ்டேஷனில் கெஞ்சிக் கூத்தாடி, எழுத்தர் பக்கத்திலேயே நிற்க, துப்பாக்கியை மேசைமேல் வைத்து எல்லாப் பக்கமும் போனில் படம் எடுத்தேன். அத்தனை வருஷம் வீட்டிலிருந்த சாமானை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். மற்றத் துப்பாக்கிகளில் இருப்பதுபோல மேலே இழுக்கிற போல்ட் இதில் இல்லை. ட்ரிக்கருக்குக் கீழே ஒரு லீவர். அதைக் கீழே அழுத்தினால் குழலின் பின்வாயை அடைத்திருக்கும் பூட்டு இறங்கும், ஒரே ஒரு தோட்டா வைக்கலாம். நாலைந்து தோட்டா நிரப்புகிற பெட்டி கிடையாது. குழல் நுனிவரைக்கும் ஒரே கனம். பின்கட்டையில் கன்னம் வைப்பதற்கு ஒரு புடைப்பு. முன்கட்டையின் அடியில் நீளமாக, நடுவில் பள்ளம் உள்ள ஓர் இரும்புத் தண்டவாளம். பூட்டின் பின்பக்கம் இரண்டு மரை ஓட்டைகள், அவற்றில் ஒன்றும் இல்லை. குழல் நுனியில் எதையோ சொருகி வைத்திருந்ததற்கான தடம், அதிலும் ஒன்றும் இல்லை. இரும்பு முழுக்கப் புது எவர்சில்வர் மாதிரி மின்னியது.

பழைய துப்பாக்கிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் கூடும் வலைத்தளம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், போனும் கொஞ்சம் எழுதிக்கொடுக்க, படங்களைப் போட்டுக் கேட்டேன். இரண்டு நாள் கழித்து இங்கிலாந்திலிருந்து ஒரு ரிட்டயர்டு மனிதர் விளக்கமாகப் பதில் எழுதினார். இது வேட்டைத் துப்பாக்கியே அல்ல. குப்புறப் படுத்துக்கொண்டு ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் காகிதக் குறியைச் சுடுவதற்காகவே, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர்கள் ஊரில் செய்த போட்டித் துப்பாக்கி. லீவர் வளையும் விதத்தையும் பூட்டின் வடிவத்தையும் வைத்துக் கம்பெனியையும் மாடலையும் சொன்னார். அடியிலிருக்கும் தண்டவாளம் இடது கைக்கான தாங்கியைப் பொருத்த. பின்னாலிருக்கும் இரண்டு ஓட்டைகள் பார்வைக் கருவியைப் பூட்ட.

பார்வைக் கருவி என்றால் என்னவென்று படமும் போட்டிருந்தார். ஒரு சின்ன இரும்புக் கோபுரம், அதில் ஊசி முனை அளவு ஓட்டையுள்ள தட்டு, பக்கத்தில் ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு குமிழ்கள். குமிழை ஒரு சொடுக்குத் திருப்பினால் குறி ஒரு மயிரிழை நகரும். முன்னால் ஒரு சின்னக் குழாய், அதற்குள் ஒரு வளையம். ஓட்டை வழியாகப் பார்த்து, வளையத்துக்குள் கறுப்பு வட்டத்தை அடக்கிச் சுட வேண்டும். இவை இல்லாவிட்டால் இந்தத் துப்பாக்கி கண்ணில்லாத ஆள் என்று எழுதியிருந்தார். கடைசியில் இரண்டு கேள்வி கேட்டார். 'பார்வைக் கருவிகள் எங்கே? கறுநீல நிறத்தில் இருக்க வேண்டிய இரும்பை இப்படிப் பளபளப்பாக்கிய அறிவிலி யார்? கம்பெனி பெயர், எண் எல்லாம் அதில்தான் போயிருக்கும்.'

அறிவிலியாம்! போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. எறியவில்லை. அந்த அறிவிலி யாரென்று எனக்குத் தெரியும்.

நான் பட்டறை போட்ட முதல் வருஷம், முதல் ஆயுத பூஜை. எங்கள் தொழிலில் பூஜைக்கு முந்தின இரண்டு நாளும் வேலை நடக்காது. லேத், டிரில்லிங் மெஷின், ஸ்பேனர், சுத்தியல், வெர்னியர் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, எமரி போட்டுத் தேய்த்து, மெருகு போடும் பஃப் வீலில் கொடுத்து மின்ன வைப்போம். மின்னாத இரும்பைச் சாமி முன்னால் வைத்தால் எனக்குக் கை கூசும். நைனாவைக் கௌரவப்படுத்த வேண்டும், அவருடைய துப்பாக்கியையும் பூஜையில் வைக்க வேண்டும் என்று தோன்றியது. எடுத்துப் பார்த்தால் இரும்பெல்லாம் கறுத்துக் கிடந்தது. சாயம் ஏறி அழுக்கு பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். மேலே முளைத்துக்கொண்டிருந்த சாமான்கள் வீலுக்குத் தடையாக இருந்தன. ஸ்குரூவைக் கழற்றி எடுத்தேன். அந்தக் குமிழின் மரையைப் பார்த்து, "இன்னா வேலடா இது!" என்று வாய்விட்டுச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சொல்லிவிட்டுத்தான் காயலான் கடைக்குப் போகும் டப்பாவில் போட்டேன். யாரோ பிற்பாடு ஒட்டவைத்தது, துப்பாக்கி அழகைக் கெடுக்கிறது என்று நினைப்பு. பிறகு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பஃப் போட்டேன். எண்ணும் எழுத்தும் புகையாகப் போனது எனக்குத் தெரியவே இல்லை. சந்தனம் குங்குமம் வைத்து, நடுவில் நிறுத்தினேன்.

"மேல கீற சாமான் எங்கடா?" என்று நைனா கேட்டார்.

"பத்திரமா கீது நைனா" என்றேன். காயலான்காரர் அதற்குள் டப்பாவைக் கொண்டுபோயிருந்தார்.

லேத்காரன் நான். இரும்பில் ஒரு நூல் பிசகினால் வேலையையே திருப்பி அனுப்புகிறவன். என் கையாலேயே இதைச் செய்தேன். வேறு யாராவது செய்திருந்தால் இந்நேரம் அவன் குடலை உருவியிருப்பேன்.

இங்கிலாந்துக்காரருக்கு உண்மையை எழுதினேன். திட்டுவார் என்று பார்த்தால், 'நடந்தது நடந்துவிட்டது. முன்கட்டையைக் கழற்றிப் பாருங்கள், குழலின் அடியில் மரத்துக்குள் ஓர் எண் இருக்கும். மரத்துக்குள் இருப்பது வீலில் பட்டிருக்காது' என்று எழுதினார். செக்‌ஷன் அம்மாவிடம் சொல்லி, ஆயுதக் கிடங்கில் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரர் முன்னிலையில் கழற்ற அனுமதி வாங்கினேன். ஆர்மரர் ஒற்றை ஸ்குரூவைக் கழற்றி மரத்தை எடுத்தார். உள்ளே இரும்பு ஆழ்ந்த நீலமாக இருந்தது, மயில் கழுத்து மாதிரி. ஐயோ, முழுத் துப்பாக்கியும் ஒரு காலத்தில் இந்த நிறத்திலா இருந்தது! அடியில் எண் இருந்தது. ஆர்மரர் சத்தமாகப் படித்தார். நான் லைசென்ஸ் புத்தகத்தைப் பார்த்தேன்.

அது வேறு எண்.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "பயப்படாதீங்க சார். இது பேரல் நம்பர். புக்குல இருக்கறது பூட்டு நம்பரா இருக்கும், அதத்தான் நீங்க பாலிஷ் போட்டுட்டீங்க. போட்டிக்காரங்க பேரல் தேஞ்சா மாத்துவாங்க, அதான் ரெண்டும் வேற வேற. ரெண்டு நம்பரும் ஒண்ணா எழுதின பேப்பர் ஏதாச்சும் இருக்கா? இந்தக் கன்ன வெச்சி யாராச்சும் பெரிய போட்டிக்குப் போயிருந்தா ஃபார்ம்ல எழுதியிருப்பாங்களே."

அக்காதான் போயிருந்தாள். ஆனால் அவளைக் கேட்டால், எண் எங்கே போயிற்று என்று கேட்பாள். வேலையை முடித்துக் கையில் லைசென்ஸோடு போய் நிற்கலாம் என்று அவளிடம் எதுவும் சொல்லாமல் கிளப்பைத் தேடினேன். கிளப் மூடி எத்தனையோ வருஷமாயிற்று. சுடுமிடம் இருந்த மண்மேட்டில் இப்போது கல்யாண மண்டபம். கடைசிச் செக்ரடரி மட்டும் ஊரிலேயே இருந்தார். எண்பதைத் தாண்டியவர். பழைய ஃபைல்களை எல்லாம் இரண்டு டிரங்குப் பெட்டியில் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். நான் யாருடைய தம்பி என்று சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அந்த அம்மாயியா! அரே, அந்தப் பொண்ணுக்காக ரயில்ல ஒரு சீட்டு காலியாவே போச்சய்யா. ஏன் வரல?"

"எங்க வரல?"

"ஹைதராபாத்து. ஸ்டேட் போட்டி. ஜெயிச்சா நேஷனல். எங்க டீம்ல அவதான் முதல் பேரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது பெட்டியில் அந்த ஃபாரம் கிடைத்தது. பழுப்பேறிய தாள். துப்பாக்கி விவரம் என்ற கட்டத்தில் அக்காவின் உருண்டைக் கையெழுத்து. கம்பெனி, மாடல், பூட்டு எண், மாற்றிய குழலின் எண், முன்னும் பின்னும் பார்வைக் கருவி பொருத்தப்பட்டது. நான் அலைந்து தேடிய அத்தனையும் நாலு வரியில் இருந்தது. லைசென்ஸ் புத்தகத்து எண்ணும் ஆர்மரர் படித்த எண்ணும் அடுத்தடுத்து நின்றன. துப்பாக்கி பிழைத்துவிட்டது. நியாயமாக நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும்.

ஆனால் தாளின் அடியில் இன்னொரு கட்டம் இருந்தது. கணவர் அல்லது பெற்றோர் சம்மதம். அதில் 'கணவர்' என்பதற்கு நேராகத் தெலுங்கில் ஒரு கிறுக்கல் கையெழுத்து. மாமா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மேலே சிவப்பு மையில் யாரோ 'ராலேது' என்று எழுதியிருந்தார்கள். வரவில்லை. போட்டித் தேதியைப் பார்த்தேன். அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்து சரியாகப் பத்தாவது நாள்.

செக்ரடரி என்னவோ பேசிக்கொண்டே இருந்தார். என் காதில் ஏறவில்லை. அந்த ஆயுத பூஜையன்று சாயங்காலம் அக்கா வந்தது எனக்கு அப்போதுதான் முழுசாக நினைவுக்கு வந்தது. பெரிய பையோடு வந்தாள். பத்து நாள் தங்கப்போகிறேன் என்றாள். நேராகப் பட்டறைக்கு வந்தாள். பூஜையில் துப்பாக்கியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"எப்டிக்கா கீது?" என்று கேட்டேன். என் வேலையைக் காட்டுகிற சந்தோஷம்.

"மேல ஒண்ணு இருந்துச்சே?"

"அந்த ஓட்ட போட்ட தகரமா? காயலான்காரன்கிட்டப் போட்டுட்டேன். அது எதுக்கு?"

பின்னாலிருந்த இரண்டு மரை ஓட்டைகளையும் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "நல்லா பளபளன்னு கீதுடா" என்றாள். நான் கொடுத்த பொரியையும் சுண்டலையும் வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு, உடம்பு சரியில்லை என்று திருப்பதிக்குப் போய்விட்டாள்.

அந்தத் தாளின் ஜெராக்ஸை ஆபீஸில் கொடுத்தேன். செக்‌ஷன் அம்மா இரண்டு எண்களையும் டிக் போட்டு, "பரவால்லியே, கண்டுபிடிச்சிட்டீங்களே" என்றார். அக்கா கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் ஒன்றுதான் பாக்கி. அதையும் பழைய போட்டி ஃபாரத்தையும் எடுத்துக்கொண்டு மறுநாள் திருப்பதி பஸ் ஏறினேன். சந்திரகிரி வரைக்கும் ஒரே கணக்குதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. வாக்குக் கொடுத்த அந்த மாதமே இந்த வேலையில் இறங்கியிருந்தால் இதே பெட்டியில் இதே தாள் கிடைத்திருக்கும். அப்போது மாமா உயிரோடு இருந்தார். ஒன்றரை வருஷம் இருந்தார்.

அக்கா கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். ஃபாரத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தாள்.

"இத எங்கடா புடிச்ச?"

"ஏங்க்கா சொல்லல?" என்றேன். "மாமா வேணான்னாருன்னியே. நான்தான கெடுத்தேன். ஏன் அவர் மேல போட்ட?"

"நான் எங்க போட்டேன்? அவரே போட்டுக்கினாரு." ஃபாரத்தை மடியில் வைத்துக்கொண்டாள். "அன்னிக்கி பஸ்ல அழுதுகினே வந்தேன். எனக்காக ஸ்கூல்ல லீவு சொல்லிட்டு, ஹைதராபாத்துக்குப் போறதுக்கு ஸ்வெட்டர்லாம் வாங்கி வெச்சிருந்தாரு மனுசன். அந்தத் தகரம் வேற எங்கனா கெடைக்குமான்னு மெட்ராசு வரைக்கும் போய்க் கேட்டுட்டு வந்தாரு. கெடைக்கல. நான் நைனாவுக்கு லெட்டர் எழுத ஒக்காந்தேன். உன்ன நாலு சாத்து சாத்தச் சொல்லித்தான். அவருதான் பேனாவப் புடுங்கிட்டாரு. 'உன் தம்பி இப்பதான் பட்டற போட்டு கீறான். உங்க நைனாவுக்குத் தெரிஞ்சா அவன வூட்டவுட்டே தொரத்திடுவாரு. நான் வேணான்னேன்னு சொல்லிடு, என்ன யாரு இன்னா பண்ணப்போறாங்க'ன்னாரு."

நான் என்ன பண்ணினேன் என்பதுதான் எனக்குத் தெரியுமே. முப்பத்தேழு வருஷம் பண்ணினேன்.

"நைனா போனப்புறமாச்சும் சொல்லியிருக்கலாமேக்கா."

"கேட்டேன்டா. சொல்லிடட்டான்னு கேட்டேன். 'இத்தினி வருசம் கழிச்சிச் சொன்னா அவன் என் மூஞ்சில எப்டி முழிப்பான், வுடு'ன்னாரு. துப்பாக்கிய மட்டும் கேட்டு வாங்கிக்கோன்னாரு. நான் கேட்டதே அவரு சொல்லித்தான்."

"மாமாகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்க்கா" என்றேன். பைத்தியக்காரப் பேச்சு.

"கேளு. வேணாம்னா சொன்னேன்? கேக்கறதுக்கு ஆளு இல்ல, அவ்ளோதான்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "அந்த விண்ணப்பத்த இப்டிக் குடு, எங்க கையெழுத்துப் போடணும்?"

விண்ணப்பத்தை நான் அந்தப் பழைய ஃபாரம் கிடைப்பதற்கு முன்பே நிரப்பி வைத்திருந்தேன். அவள் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்து, ஓரிடத்தில் நிறுத்தினாள். தந்தை அல்லது கணவர் பெயர். நான் அதில் நைனாவின் பெயரை எழுதியிருந்தேன். தெரியாமல் எழுதவில்லை. அந்த வாத்தியின் பெயர் இந்தத் துப்பாக்கிக் காகிதத்தில் வரக்கூடாது என்று வேண்டுமென்றே எழுதினேன்.

அவள் அதைக் கோடு போட்டு அடித்தாள். பேனாவை என் பக்கம் நீட்டினாள்.

"எனக்குக் கண்ணு சரியா தெரியல. நீ எழுது."

எழுத ஆரம்பித்து, முதல் எழுத்திலேயே நின்றுவிட்டேன்.

"மாமாவோட இனிஷியல் இன்னாக்கா?"

அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். நான் எழுதினேன்.